வாய்மொழி வருகை

ஒரு நகரத்தின் மானம் அதன் விமான நிலையத்தில் இருக்கிறது. யாரோ போகிற போக்கில் சொன்ன பேச்சல்ல இது. நிலையத்தின் வாசலில் கருங்கல்லில் வெட்டி, எழுத்துக்குப் பொன்முலாம் பூசி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லுக்கு மேலே, கட்டடத்தின் நெற்றியில், ஆளுயர எழுத்துகளில் நிலையத்தின் பெயர். கடலோர ஊர் என்பதால் உப்புக் காற்று முதல் எழுத்தின் ஆணிகளைத் தின்றுவிட்டது. இப்போது அது 'மான நிலையம்'. கீழே விழுந்த 'வி' கார் நிறுத்துமிடத்தில் கிடக்கிறது. வழியனுப்ப வருகிறவர்கள் அதன் மேல் உட்காருவார்கள். நிலையத்தில் உட்காருவதற்கு வசதியான இடம் அது ஒன்றுதான்.

நிலையத்துக்கு ஓடுபாதை ஒன்று, விமானம் ஒன்று, இயக்குநர் ஒருவர், துணை இயக்குநர்கள் பலர். விமானம் தினம் ஒருமுறை தலைநகரிலிருந்து வந்து, சற்று மூச்சு வாங்கிக்கொண்டு, திரும்பிப் போகும். வரும்போது அதில் விமானியும் பணிப்பெண்ணும் இருப்பார்கள். சில நாட்களில் ஒரு மருந்துக் கம்பெனி ஆளும் இருப்பார். போகும்போது கொள்ளாது. அந்த ஊர்ப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் வேலைக்கென்று போவார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

இது நிலையத்துக்குப் பெரிய தலைகுனிவாக இருந்தது. முதல்தர நிலையம் என்ற பட்டம் வேண்டுமானால் எத்தனை பேர் போகிறார்களோ அத்தனை பேர் வரவும் வேண்டும் என்பது மேலிடத்து விதி. ஊருக்கு ஆட்கள் வரும்படி ஏதாவது செய்து பார்க்கலாமே என்று ஒரு குமாஸ்தா யோசனை சொன்னார். அவரைச் சரக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். நிலையத்தில் சரக்குக் கிடையாது.

பிறகு ஒருநாள், வழியனுப்பும் கூட்டத்தை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இயக்குநருக்குப் பொறி தட்டியது. போகிறவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் என்ன சொல்கிறார்கள்? "போயிட்டு வர்றேன்." போகிறேன் என்கிறார்கள், சரி. வருகிறேன் என்றும் அவர்களே அல்லவா சொல்கிறார்கள்? இத்தனை காலமும் அதை யாரும் எண்ணாமல் விட்டது எப்பேர்ப்பட்ட அலட்சியம்! இப்படிப் பிறந்ததுதான் வாய்மொழி வருகைத் திட்டம்.

இதெல்லாம் தெரியாமல் ஒரு தையல்காரர் ஒரு கைப்பையோடும் மனைவியோடும் அங்கே வந்து இறங்கினார்.

அவருக்கு விமானம் புதிது. தலைநகரில் இருக்கும் அக்காவுக்கு மறுநாள் காலை இதயத்தில் ஆபரேஷன். போன வாரம் வரை அக்காவும் அவரும் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. அப்பாவின் தையல் மெஷின் யாருக்கு என்று வந்த சண்டை. அன்றைக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் நின்று, "போறேன்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் படியிறங்கியவர் இவர். மெஷின் போனதைக்கூட அக்கா மறந்துவிட்டாள். அந்த வார்த்தையை மறக்கவில்லை. "போயிட்டு வர்றேன்னு சொல்ல வாய் வரல பாரு அவனுக்கு" என்று போகிற வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளேதான் போன வாரம் போன் செய்தாள்.

"டேய், நெஞ்சைப் பொளக்கப் போறாங்களாம். கைய மேல தூக்கக் கூடாதாம். முன்பக்கம் பொத்தான் வெச்சு ஒரு நைட்டி தச்சுக் கொண்டா. கடையில விக்கிறதெல்லாம் கோணித் துணி மாதிரி இருக்கு."

"கொண்டு வர்றேன்க்கா."

"ஆளை விட்டு அனுப்பற வேலையெல்லாம் வேணாம். நீ வந்து மூஞ்சியக் காட்டாம நான் உள்ள போக மாட்டேன்."

அக்கா சொன்னால் சொன்னதுதான். பேருந்தில் போனால் ஆபரேஷன் நேரம் தாண்டித்தான் போய்ச் சேர முடியும். அதனால்தான் விமானம். நைட்டி கைப்பையில், வெள்ளைத் துணியில் சுற்றி, பத்திரமாக இருந்தது.

கண்ணாடிக் கதவருகே தையல்காரர் மனைவியிடம் திரும்பினார். "அப்போ, போயிட்டு வர்றேன்."

"ம், போயிட்டு வாங்க. அக்காகிட்ட வாயக் குடுக்காதீங்க."

டிங் என்று ஒரு மணி அடித்தது. கதவோரம் காதில் கருவி மாட்டி நின்றவர் கையிலிருந்த பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். அவர் சட்டையில் 'சொல் அலுவலர்' என்று எழுதியிருந்தது. தையல்காரரின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நீல நாடாவும் ஒரு பச்சை நாடாவும் கட்டினார்.

"ரெண்டு எதுக்குங்க?"

"போயிட்டு வர்றேன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாங்க. அது என் சம்சாரத்துகிட்ட."

"யார்கிட்ட சொன்னாலும், எங்க எல்லைக்குள்ள சொன்னா எங்ககிட்ட சொன்ன மாதிரிதான். போறதுக்கு நீலம். வர்றதுக்குப் பச்சை. உள்ள போங்க. இல்ல, வாங்க. ரெண்டும்தான்."

உள்ளே கவுன்ட்டரில் இருந்த பெண் டிக்கெட்டை வாங்கவில்லை. மணிக்கட்டைத்தான் பார்த்தாள்.

"நீங்கதான் வந்துட்டீங்களே சார்."

"எங்கம்மா வந்தேன்?"

"இங்கதான்."

"இங்கதான் இருக்கேன். அதனாலதான் போகணும்ங்கறேன்."

"சிஸ்டத்துல வந்தாச்சுன்னு இருக்கு சார். வந்தவங்களை இந்தப் பக்கம் ஏத்த முடியாது. முதல்ல வருகைக் கூடத்துக்குப் போய், வந்து முடிச்சிடுங்க. அப்பறம் போறதைப் பத்திப் பேசலாம். பையை இப்படி வைங்க."

பையை வைத்தார். அது ஒரு ரப்பர் திரைக்குள் நுழைந்து மறைந்தது. பையைப் பின்தொடர்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

வருகைக் கூடம் நிலையத்திலேயே பெரிய இடம். நடுவில் சுழல் பட்டையில் பெட்டிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவை நிலையத்துக்குச் சொந்தமான பெட்டிகள். பட்டை காலியாகச் சுற்றினால் பார்க்கிறவர்கள் மனம் சோர்ந்துவிடும் என்று வாங்கிப் போட்டிருந்தார்கள். உள்ளே ஒன்றும் கிடையாது. அவற்றுக்கு நடுவே, ஊர்வலத்தில் வழி தவறிக் கலந்துவிட்ட ஆளைப்போல், தையல்காரரின் கைப்பையும் வந்தது. அதை எடுப்பதற்குள் வரவேற்பு அலுவலர் ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்தோடு குறுக்கே பாய்ந்தார்.

"நல்வரவு, நல்வரவு! பயணம் எப்படி இருந்தது?"

"இன்னும் போகவே இல்லீங்க."

"அப்போ குறை ஒண்ணும் இல்லேன்னு போட்டுக்கறேன். இருக்கை வசதியா இருந்துதா?"

"உக்காரவே இல்லையே."

"அதுலயும் குறை இல்ல. கொஞ்சம் சிரிங்க."

போட்டோ எடுத்ததும் பூங்கொத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்து வருகிறவருக்கு அதுதான். பட்டையிலிருந்து கைப்பையை எடுத்துக் கையில் கொடுத்து, ஒரு கதவைத் திறந்து, முதுகில் மெதுவாக ஒரு தள்ளுத் தள்ளினார். கதவுக்கு அந்தப் பக்கம் தெரு. டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "வாங்க சார், ஊருக்குப் புதுசா? எங்க போகணும்?"

எதிரே 'வி'யின் மேல் உட்கார்ந்து செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"நீயுமா அதையே சொல்ற!" என்றார் தையல்காரர்.

நடந்ததைச் சொன்னார். மனைவிக்கு முழுவதும் புரியவில்லை. கோபப்படுவதற்கு முழுவதும் புரியவேண்டும் என்று அவசியமில்லை. அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புறப்பாட்டு வாசலுக்கு நடந்தாள்.

"ஏங்க, மனுஷன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது வேற என்னதான் சொல்வான்? நீங்க வேலைக்குக் கிளம்பும்போது உங்க வீட்டுல என்ன சொல்லிட்டு வருவீங்க?" என்று வாசல் காவலாளியைப் பிடித்துக்கொண்டாள்.

காவலாளி அக்கம்பக்கம் பார்த்தார். "எதுவும் சொல்ல மாட்டேங்க. கண்ணைத்தான் காட்டுவேன். வேலைல சேரும்போதே எழுதி வாங்கிட்டாங்க."

"விமானம் எப்போங்க கிளம்பும்?"

"ஏத்திக்கிட்டு இருக்காங்க. ஆனா இவரு பச்சைம்மா. பச்சையெல்லாம் மாடிக்கு அனுப்பணும்னு இப்பத்தான் உத்தரவு வந்துது. மதிப்பீட்டுக் குழு வந்திருக்கு."

மேலிடத்திலிருந்து வந்த மதிப்பீட்டுக் குழு மாடி அரங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. தலைநகரிலிருந்து காரில் வந்திருந்தார்கள். முன்னால் பிஸ்கட் தட்டு. சுவரில் ஒரு பெரிய திரை. அதில் போனவர், வந்தவர் என்று இரண்டு எண்கள் ஒளிர்ந்தன. இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. பச்சை நாடாக்காரர்கள் யாராவது கிடைப்பார்களா என்று தேடி, கடைசியில் தையல்காரரை மேடையோரம் நிறுத்தினார்கள். மற்றவர்கள் எல்லாம் சாமர்த்தியமாக நாடாவைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு விமானத்தில் ஏறியிருந்தார்கள். தையல்காரருக்கு அது தோன்றவில்லை. அதிகாரி கட்டியதை அவிழ்க்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இயக்குநர் எழுந்தார். கோட்டு அவருக்குச் சற்றுப் பெரிது. தோள்பட்டையில் இரண்டு விரல் எடுக்கவேண்டும் என்று தையல்காரருக்குப் பட்டது. இருக்கிற கவலையில் அதை விட்டுவிட்டார்.

"மதிப்புக்குரிய குழுவினரே! மற்ற நிலையங்களில் பயணிகள் வந்து சேர விமானம் தேவைப்படுகிறது. அது பழைய முறை. விமானம் தாமதமாகும், பழுதாகும், எரிபொருள் குடிக்கும். நாங்கள் அந்த அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டுவிட்டோம். இன்று எங்கள் வருகையாளர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த ஊரை விட்டு நகராமலேயே வந்து சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவராவது பெட்டி தொலைந்தது என்று புகார் கொடுத்ததுண்டா? இல்லை. ஒருவருக்காவது நடுவானில் தலை சுற்றியதுண்டா? இல்லை. தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. புறப்படுவதற்கு முன்பே வந்துவிடுகிறார்கள்!"

கைதட்டல். இயக்குநர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"ஒரு நண்பர் கேட்டார். இந்த ஊர்ப் பிள்ளைகள் ஒருநாள் நிஜமாகவே திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள் என்று. அதற்கும் தயாராக இருக்கிறோம். அவர்களை ஏற்கனவே எண்ணிவிட்டோம். ஆகவே அவர்களுக்காகத் தனியாக எதுவும் செய்யவேண்டியதில்லை."

குழுத் தலைவர் பிஸ்கட்டை வைத்துவிட்டு முதல்முறையாக வாயைத் திறந்தார். "விமானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கிறது ஐயா. வெளியே நிற்கிறது. அது உங்கள் அளவுகோலில் வராது."

தலைவர் நிம்மதியாக அடுத்த பிஸ்கட்டை எடுத்தார்.

"இதோ, இன்றைய வருகையாளர் ஒருவர்" என்று இயக்குநர் தையல்காரரின் கையை உயர்த்திப் பிடித்தார். "நீங்களே சொல்லுங்கள் ஐயா, எப்படி உணர்கிறீர்கள்?"

"ஐயா, நான் வரலீங்க. நான் போகணும். விமானம் கிளம்பப் போவுது."

"பணிவு" என்றார் இயக்குநர் குழுவைப் பார்த்து. "இந்த ஊர் மக்களின் குணம்."

"பணிவெல்லாம் இல்லீங்க. அக்காவுக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன். நான் போய் நிக்காம உள்ள போக மாட்டேன்னு உக்காந்திருக்கா."

அரங்கில் ஒரு சங்கடம் பரவியது. குழுவில் ஒருவர் பேனாவின் மூடியைத் திறந்தார். அதைப் பார்த்த இயக்குநரின் குரல் தேனாக மாறியது. "அதற்கென்ன, விதியிலே இடம் இருக்கிறது. சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமே."

சொல் அலுவலர் ஒரு மைக்கோடு வந்தார். "இதுல 'போறேன்'னு சொல்லணும். அவ்வளவுதான். 'போயிட்டு' கூடாது. 'வர்றேன்' கூடாது. கடைசியில இழுக்கவும் கூடாது."

தையல்காரர் வாயைத் திறந்தார். மூடினார்.

"ஒரு வார்த்தைதானேப்பா?"

"அந்த வார்த்தைதாங்க வராது எனக்கு."

"சொல்லாதீங்க!" என்று அரங்கின் வாசலிலிருந்து மனைவி கத்தினாள். "அதச் சொல்லிட்டு வந்துதானே இத்தனை வருஷம் அந்த வீட்டு வாசலை மிதிக்காம இருந்தீங்க. இப்போ அவங்க ஆஸ்பத்திரியில படுத்திருக்கறப்ப சொல்வீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே விமானத்தின் படிக்கட்டை நகர்த்தத் தயாராக ஒருவர் வந்து நின்றார். அப்போது தையல்காரரின் சட்டைப் பையில் போன் அடித்தது.

"ஏறிட்டியாடா?" என்றாள் அக்கா.

சொன்னார். வாய்மொழி வருகை, பச்சை நாடா, மைக் எல்லாவற்றையும்.

"அந்த வார்த்தையவா கேக்கறானுங்க?"

"ஆமாக்கா."

"ஸ்பீக்கர்ல போடு." போட்டார். "யாருய்யா அங்க? என் தம்பி அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதுக்கு நான் எத்தனை வருஷம் அவன் மூஞ்சியில முழிக்காம இருந்தேன் தெரியுமா? பெத்த பிள்ளை கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிடல. அதப் போயி நீங்க மைக் வெச்சுக் கேக்கறீங்க. வெக்கமா இல்ல?"

வெட்கம் அளவுகோலில் வராது.

"டேய் தம்பி."

"சொல்லுக்கா."

"சொல்லித் தொலைடா. இந்தத் தடவ என்னப் பாத்தா சொல்ற? அவனுங்களப் பாத்துத்தானே. நல்லா, மூஞ்சியில துப்பற மாதிரிச் சொல்லு."

தையல்காரர் மைக்கை வாங்கினார். இயக்குநரின் முகத்தைப் பார்த்தார்.

"போறேன்."

கூடம் முழுவதும் எதிரொலித்தது. நிலையம் திறந்த நாளிலிருந்து அதன் ஒலிபெருக்கியில் இவ்வளவு தெளிவாக ஒரு சொல் கேட்டதில்லை.

டிங். சொல் அலுவலர் பச்சை நாடாவை வெட்டினார். சுவர்த் திரையில் வந்தவர் எண்ணில் ஒன்று குறைந்தது. இரண்டு எண்களும் இப்போது ஒன்றுபோல் இல்லை. குழுத் தலைவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். இயக்குநர் சொல் அலுவலரின் காதில் ஏதோ சொன்னார். பச்சை இருந்த இடத்தில் உடனே ஒரு மஞ்சள் நாடா ஏறியது.

"இது எதுக்குங்க?"

"வந்தவர் போறேன்னு சொன்னா அவர் இடைநிலைப் பயணி" என்றார் சொல் அலுவலர். "நீங்க வந்தது அப்படியே நிக்கும். போறதும் நிக்கும். யாருக்கும் நஷ்டம் இல்ல."

திரையில் எண் பழையபடி ஏறியது. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ நான் ஏறலாங்களா?"

"இடைநிலைப் பயணிகள் இடைநிலைக் கூடத்துல காத்திருக்கணும். அறிவிப்பு வரும்."

இடைநிலைக் கூடம் அழகான கூடம். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. ஓடுபாதையும் அதற்கப்பால் கடலும் அங்கிருந்து தெரிவதுபோல் வேறெங்கிருந்தும் தெரியாது. கதவு மட்டும் வெளியிலிருந்துதான் திறக்கும். அந்தக் கண்ணாடி வழியே விமானப் படிக்கட்டை ஆள் இழுத்துக்கொண்டு போவதைத் தையல்காரர் பார்த்தார். விமானம் திரும்புவதைப் பார்த்தார். அவருடைய இருக்கை ஒன்று மட்டும் காலியாக, அது ஓடி, எழும்பி, கடலுக்கு மேலே சாய்ந்து போவதையும் பார்த்தார். மாடியில் பலமாகக் கைதட்டினார்கள். விமானத்துக்கு அல்ல. முதல்தரப் பட்டம் அறிவிக்கப்பட்டுவிட்டது.

கூடத்துக் கதவை ஒருவழியாகத் திறந்துவிட்டார்கள். சாயங்காலப் பேருந்தில் ஏறும்போது தையல்காரர் மனைவியிடம் கண்ணை மட்டும் காட்டினார். அவளும் தலையை மட்டும் ஆட்டினாள். பட்ட அனுபவம் அப்படி.

போன் அடித்தது. "என்னடா, பஸ்ஸா?"

"ஆமாக்கா. விடிஞ்சு நேரமாயிடும். நீ எனக்காகப் பாக்காத. டாக்டர் கூப்பிட்டா உள்ள போயிடு."

"டாக்டர்கிட்ட சொல்லியாச்சு. மத்தவங்களை முதல்ல அறுங்க, நான் ஓடிட மாட்டேன்னு. மனுஷன் சிரிச்சுட்டாரு. ஆனா மத்தியானத்துக்குள்ள வந்துடணுமாம். ராத்திரி அவரு வேற ஊருக்குக் கிளம்பணுமாம்." கொஞ்சம் இருமிவிட்டுக் கேட்டாள். "இந்தத் தடவ என்ன சொல்லிட்டு ஏறின?"

"ஒண்ணும் சொல்லலக்கா. எவனாவது எண்ணிடுவான்."

அக்கா சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடிவந்து போனை வாங்கி வைத்துவிட்டாள்.

தையல்காரர் தன் இருக்கையைத் தேடிப் போனார். பக்கத்தில், ஜன்னலோரம், கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இயக்குநர் உட்கார்ந்திருந்தார். தையல்காரர் அவரைப் பார்த்தார். இயக்குநர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு ஒரு சுவர் இருந்தது.

பேருந்து ஊர் எல்லையைத் தாண்டிய பிறகு, சுவரெல்லாம் தீர்ந்துபோய், இயக்குநர் வாயைத் திறந்தார்.

"நாளைக்குத் தலைநகர்ல கேடயம் குடுக்கறாங்க."

"நல்லதுங்க."

"விமானத்துல எனக்குக் காது அடைச்சுக்கும்."

"சரிங்க."

"இதை ஊர்ல யார்கிட்டயும்..."

"சொல்ல மாட்டேங்க. நான் இப்பல்லாம் எதுவும் சொல்றதில்ல."

மறுநாள் வழியில் ஒரு டயர் வெடித்தது. அப்படியும் தையல்காரர் போய்ச் சேர்ந்தபோது மத்தியானத்துக்குக் கொஞ்சம் பாக்கி இருந்தது. அக்கா தள்ளுகட்டிலில் படுத்தபடி ஆபரேஷன் அறை வாசலை மறித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நைட்டியைப் பிரித்துப் பார்த்தாள்.

"ரெண்டாவது பொத்தான் காஜா கோணல்."

"பஸ்ல உக்காந்து பிரிச்சுத் தச்சேன்க்கா. அதான்."

"எதுக்குப் பிரிச்ச?"

"நீ இளைச்சிருப்பேன்னு தோணுச்சு."

அக்கா நைட்டியைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டாள். கட்டிலைத் தள்ளத் தொடங்கினார்கள். கதவு மூடுவதற்குள் தலையை மட்டும் தூக்கி, "போயிட்டு வர்றேன்டா" என்றாள்.

எங்கேயும் டிங் என்று அடிக்கவில்லை. சாயங்காலம் ஆனபோது அவள் சொன்னபடி வந்தாள்.

கேடயம் கனமாக இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு இயக்குநரும் அதற்கு அடுத்த நாள் ஊர் வந்து சேர்ந்தார். பேருந்தில்தான். அந்த ஜன்னலோர இருக்கையை, போகவும் வரவும் சேர்த்து, அவர் ஒரு மாதம் முன்பே பதிவு செய்திருந்தார்.